ஒரு கோழி வித்தியாசம்

ஃபிஜியில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த வருஷம். பா என்ற ஊரிலிருந்து லவுடோகா போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு நர்சுகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி ஐம்பதை நெருங்கியவள், மற்றவள் அப்போதுதான் பாஸாகி வேலைக்கு வந்தவள். யாருக்கும் புரியாது என்று நினைத்தோ என்னவோ, தமிழில் பேசிக்கொண்டார்கள்.

"உன் சம்பளத்துக்கும் என் சம்பளத்துக்கும் நடுவுல ஒரு கோழி விலைதான்டி நிக்குது," என்றாள் மூத்தவள். "இத்தனை வருஷ சர்வீசுக்கு ஒரே ஒரு கோழி!"

"அதுக்காகவா நாளைக்கு ஆக்லாந்து போறீங்க? என்கிட்ட இன்னிக்குத்தான் சொல்றீங்க அக்கா."

"நியூசிலாந்துல என்னையும் புதுசாத்தான் எடுத்துக்குவாங்க. ஆனா அந்தப் புது நர்ஸ் சம்பளத்துல இங்க ரெண்டு குடும்பம் சாப்பிடலாம்."

மூத்தவளே தொடர்ந்தாள்.

"ராஜினாமா குடுத்தப்ப, போகாதேன்னு ஒருத்தராவது சொல்லுவாங்கன்னு பார்த்தேன். மருந்து அலமாரிச் சாவிய எப்பத் தருவேன்னு மேட்ரன் கேட்டா. வீட்டுக்காரர் பெட்டி வாங்கிட்டு வந்துட்டார்."

ஜன்னலுக்கு வெளியே ஒரு கரும்பு லாரி எங்களைத் தாண்டிப் போகும்வரை இளையவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூத்தவளின் கையைப் பிடித்தாள்.

"நான் சொல்றேன் அக்கா. போகாதீங்க."

"நீ சொல்லிடுவேன்னு பயந்துதான்டி உன்கிட்ட மட்டும் இத்தனை நாளாச் சொல்லல."