‘வீட்டில் காத்திருப்பவர் யார்?’ என்று கேட்ட ஜொவிட்டா அம்மையாருக்கு

அடையாறு கலங்கரை மருத்துவமனையின் வெளிநாட்டு நோயாளர் உதவி மையத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் அயராது பணியாற்றி, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் தலைமை ஒருங்கிணைப்பாளர், அன்புக்கும் அதட்டலுக்கும் ஒருங்கே உரியவர், திருமதி ஜொவிட்டா எரிக் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உளமார வழங்கும் மடல்.

கண்டம் ஒன்றைக் கரும்பலகையில் கட்டிக் காத்தவரே! கடல் கடந்து வந்தோரின் கவலைக்குக் காது கொடுத்தவரே! மூடிய விமான நிலையங்களின் முன்னும் முகம் கோணாமல் நின்றவரே!

அடைமொழிகளை இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம். இன்னும் பதினான்கு எழுதி வைத்திருந்தோம். ஆனால் சென்ற வாரம் இந்த மடலைப் பற்றிக் காதில் விழுந்ததும் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா?

“என் மூஞ்சியப் பாத்துப் புகழ்ந்தீங்கன்னா எழுந்து கேண்டீனுக்குப் போயிடுவேன். வேற யாரோ ஒருத்தியப் பத்திச் சொல்ற மாதிரி சொல்லுங்க. நானும் உக்காந்து கேக்கறேன்.”

உங்கள் சொல்லை மீறி இந்த மையத்தில் எதுவும் நடந்ததில்லை. ஆகவே இனி வருவது ஜொவிட்டா என்ற வேறு ஒருவரின் கதை. அமர்ந்து கேளுங்கள்.

ஜொவிட்டா 1994-இல் தொலைபேசி இயக்குநராக இங்கே சேர்ந்தபோது வெளிநாட்டு நோயாளிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிறகு அவர்கள் பெருகினார்கள். பதிவேட்டில் ‘நாடு’ என்ற இடத்தில் நாங்கள் ‘ஆப்பிரிக்கா’ என்று எழுதிவந்தோம். வசதியாக இருந்தது. 2011-இல் ஒரு நாள், இரண்டு பேருமே ஆப்பிரிக்கா, பேச்சுத் துணையாக இருக்கட்டும் என்று செனகல்காரர் ஒருவரையும் தான்சானியாக்காரர் ஒருவரையும் ஒரே அறையில் சேர்த்துவிட்டோம். ஒருவருக்குத் தெரிந்தது பிரெஞ்சு, மற்றவருக்கு சுவாஹிலி. நான்கு நாட்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே இருந்தார்கள். ஐந்தாம் நாள் தாடை வலிக்கிறது என்று இருவருமே மருத்துவரிடம் முறையிட்டதாகக் கேள்வி.

ஜொவிட்டா அன்று யாரையும் திட்டவில்லை. மாலையில் பாண்டி பஜாருக்குப் போய் ஒரு கரும்பலகை வாங்கிவந்து தன் மேசைக்குப் பின்னால் மாட்டினார். மறுநாளிலிருந்து காலை எட்டரைக்கு அதில் ஆப்பிரிக்கா எழுதப்பட்டது. ஒரே கண்டமாக அல்ல, ஊர் ஊராக. ‘நியாமே: வான்வழி மூடல். 118-ஆம் அறையின் பயணத்தை மாற்றவும்.’ ‘நைரோபி: தெருவில் போராட்டம். விமானங்கள் வழக்கம்போல்.’ ‘கோமா: விமான நிலையம் இயங்கவில்லை.’ சண்டையும் கலவரமும் மட்டும் எழுதினால் போதாது என்பது அவர் கட்சி. “கெட்டது மட்டும் எழுதினா அது செய்தி, ஊரு இல்ல” என்பார். அதனால்தான் ‘கால்பந்துக் கோப்பை ஐவரி கோஸ்டுக்கு. 214-ஆம் அறைக்கு வாழ்த்துச் சொல்லவும்’ என்ற வரியும் அதே பலகையில் இடம்பெற்றது. வாழ்த்துச் சொல்லப் போன எங்களை அந்த நோயாளி சிறுநீரக அறுவை முடிந்த மூன்றாம் நாளில் எழுந்து நின்று கட்டிப்பிடித்தார்.

பலகையோடு ஒரு கட்டமும் வந்தது. சேர்க்கைப் படிவத்தின் அடியில் ஜொவிட்டாவே அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, ‘வீட்டில் காத்திருப்பவர் யார்?’ என்று எழுதினார். ஒரு பெயர் போதாது. மூன்று பெயர், மூன்று ஊர், மூன்று எண். எங்கள் நிர்வாக அலுவலர் பரத்வாஜ் அதைப் பார்த்து, “என்ன மேடம், கல்யாணப் பத்திரிகைக்கு விலாசம் சேக்கறேளா?” என்று கேட்டார். நாங்களும் சிரித்தோம். கட்டத்தில் இருந்த அந்தக் கேள்வியை மடலின் தலைப்பில் போட்டே ஆக வேண்டும் என்று இன்று எங்களை வற்புறுத்தியவரும் அவரேதான். ஏன் என்று சொல்கிறோம்.

2023 மார்ச்சில், சூடான் நாட்டுத் தலைநகர் கார்த்தூமை ஒட்டிய ஓம்துர்மான் நகரிலிருந்து நஃபீசா என்ற பள்ளி ஆசிரியை இதய வால்வு அறுவைக்காக வந்தார். உடன் வந்தவர் கணவர் உஸ்மான், மின்வாரியப் பொறியாளர். மனைவி கண் விழிக்கும்வரை ஒரு கவளம் உண்ண மாட்டேன் என்று வராந்தாவில் அமர்ந்த மனிதர். துப்புரவுப் பணியிலிருக்கும் நம் தேவானைதான் அவரைச் சாப்பிட வைத்தார். அன்றிலிருந்து தினமும் நண்பகலில் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, “துன்னியா, நைனா?” என்று கேட்பார். உஸ்மான் தலையாட்டுவார். மூன்று வாரத்தில் அவர் கற்றுக்கொண்ட தமிழ் அந்த இரண்டு சொற்கள் மட்டுமே. எதிர்ப்படும் எல்லோரையும் அப்படியே கேட்கத் தொடங்கினார். தலைமை மருத்துவரையும் கேட்டார்.

எட்டு வயது மகள் ரீம் ஊரில் உறவினர் வீட்டில் இருந்ததால், பெருநாளுக்கு முன்பே உஸ்மான் திரும்ப வேண்டியிருந்தது. நஃபீசாவுக்கு ஏப்ரல் பதினெட்டாம் தேதிக்குப் பயணச்சீட்டு. உஸ்மான் புறப்படும் அன்று ஜொவிட்டா அவரை நிறுத்தி, கட்டத்தில் இன்னும் இரண்டு பெயர் பாக்கி என்றார். “அம்மா, என் வீடு எங்கே போய்விடும்?” என்று உஸ்மான் சிரித்தார். “எழுதிட்டுப் போங்க” என்றார் ஜொவிட்டா. உஸ்மான் தன் தெருமுனை மருந்துக்கடையின் எண்ணை எழுதினார். மூன்றாவதாக, செங்கடல் ஓரத்துப் போர்ட் சூடானில் வாழும் தங்கையின் எண்ணை எழுதினார்.

ஏப்ரல் பதினைந்து, சனிக்கிழமை. கார்த்தூமில் சண்டை மூண்டது. மாலைக்குள் ஜொவிட்டா பலகையில் எழுதியிருந்த வரி: ‘கார்த்தூம்: மூடப்பட்டது.’ உஸ்மானின் கைப்பேசி அணைந்திருந்தது. மருந்துக்கடையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. தங்கை மட்டும் எடுத்தார். அண்ணனும் குழந்தையும் வரவில்லை, செய்தியும் இல்லை என்றார்.

திங்கள்கிழமை நடந்த கூட்டத்தில் பரத்வாஜ் சொன்னார்: “ஆப்பிரிக்காதானே மேடம்? கெய்ரோக்கு டிக்கெட் போட்டுடலாம். அங்கேர்ந்து ஒரு பஸ்ஸப் புடிச்சா ஆத்துக்குப் போய்ட மாட்டாளா?”

“இங்கேர்ந்து டெல்லி போற தூரம், சார். வழியெல்லாம் பாலைவனம், போய்ச் சேர்ற எடத்துல சண்டை. நெஞ்சுத் தையல் காயாத பொண்ணு. உங்க பொண்ணா இருந்தா அந்த பஸ்ல ஏத்துவீங்களா?”

“நான் அப்படிச் சொல்லலை. கட்டில் வேணுமே மேடம், அடுத்த கேஸ் காத்துண்டு இருக்கே…”

“கட்டில எடுத்துக்குங்க. அவ எங்க வீட்டுக்கு வரா.”

அதன் பிறகுதான் ஜொவிட்டா தன் வீட்டுக்காரருக்குப் போன் செய்தார். “எரிக், இன்னைலேர்ந்து வீட்ல ஒரு ஆளு கூட. சூடான் பொண்ணு. எப்பத் திரும்பிப் போவான்னு தெரியாது.” மறுமுனையில் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: “சரி, வஞ்சிரம் வாங்கட்டா?” மறுநாளே குளிர்பெட்டியிலிருந்த பன்றிக்கறி கொட்டிவாக்கத்தில் இருக்கும் அவர் அக்கா வீட்டுக்குக் குடிபோனது. இப்படி ஒருவர் வீட்டில் இருந்ததால்தான் இப்படி ஒருவர் எங்களுக்கு வாய்த்தார். எரிக் அவர்களுக்கும் இந்த மடலில் பாதி உரிமை உண்டு.

நஃபீசா தினமும் ஜொவிட்டாவோடு ஆட்டோவில் வந்து பலகைக்குக் கீழே அமர்வார். காலை பத்தரைக்கு, அங்கே ஏழு மணி என்பதால், ஜொவிட்டா மூன்று எண்களையும் வரிசையாக அழைப்பார். பதில் இல்லாவிட்டால், “இன்னொரு தடவ போட்டுப் பாப்போம்” என்பார். வால்வில் ரத்தம் உறையாமலிருக்க நஃபீசாவுக்குத் தினமும் மாத்திரை, வாரம் ஒரு நாள் ரத்தப் பரிசோதனை. விசா முடியப் போகிறது என்று வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு மூன்று நடை. “எப்போது ஊருக்குப் போவார்?” என்று அங்கே கேட்டதற்கு, “அது தெரியாததாலதான் சார் உங்ககிட்ட வந்திருக்கேன்” என்றார் ஜொவிட்டா. நீட்டிப்பு கிடைத்தது.

பெருநாளன்று மருந்தகத்துப் பீர் முஹம்மது வீட்டிலிருந்து கொண்டுவந்த பிரியாணியை நஃபீசா தொடவில்லை. அடுத்த நாளும் ஒன்றும் உண்ணவில்லை. மாத்திரை மட்டும் விழுங்கினார். தேவானை அவர் அருகே தரையில் உட்கார்ந்தார்.

“எங்க குடிசைய இடிச்சிட்டு எங்கள ஆத்தோரத்துலேர்ந்து லாரில ஏத்திக்கினு போய் பெரும்பாக்கத்துல எறக்கினாங்கோ. எம் புருசன் அன்னிக்கு வேலைக்குப் போய்க்கினான். ரெண்டு நாளு அவன் எங்களத் தேடிக்கினு கீறான், நாங்க அவனத் தேடிக்கினு கீறோம். வந்துட்டான்ல? உன் ஊட்டுக்காரும் வந்துடுவாரு. அதுவரிக்கும் நீ இருக்கணும்ல? துன்னு.”

மொழிபெயர்க்க ஜொவிட்டா வாயைத் திறந்தார். அதற்குள் நஃபீசா கையை நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டார்.

மே நான்கு, இருபதாம் நாள். தங்கையின் எண்ணை அழைத்தபோது எடுத்தது ஓர் ஆண் குரல். ஒரே இரைச்சல். நஃபீசா எழுந்துவிட்டார். ஜொவிட்டா கையால் அவரைத் தடுத்தார். வேறு யாராவது இருந்துவிட்டால் அந்த இதயம் தாங்காது. “யார் பேசறது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். மறுபடி கேட்டார். இரைச்சலுக்குள்ளிருந்து வந்தது:

“துன்னியா, நைனா?”

இத்தனை ஆண்டுகளில் ஜொவிட்டாவை ‘நைனா’ என்று அழைத்தவர் அவர் ஒருவர்தான். எதற்கும் கலங்காத ஜொவிட்டா, போனை நஃபீசாவிடம் கொடுத்துவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். சாக்பீஸ் கையில் இருந்தது. எழுதவில்லை.

நஃபீசா முதலில் அழுதார்; பிறகு கணவரை நன்றாகத் திட்டினார். அரபு தெரியாத எங்களுக்கும் அது புரிந்தது. தேவானை மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “பாத்தியா, நம்ம தமிழு கடலு தாண்டிப் போய்ட்டு வந்துக்கீது” என்றார்.

ரீமைத் தோளில் சுமந்தும், லாரியிலும், பேருந்திலுமாகத் தங்கை வீடு சேர்ந்திருந்தார் உஸ்மான். அந்த ஊரிலேயே ரத்தப் பரிசோதனை செய்யும் ஒரு மருத்துவமனையைத் தொலைபேசியிலேயே தேடிப் பிடித்த பிறகுதான் ஜொவிட்டா நஃபீசாவை அனுப்பச் சம்மதித்தார். விமானம் கிடைத்த நாளில், ஜெட்டா வழியாக, ஆறு மாத மாத்திரையோடு அவர் போய்ச் சேர்ந்தார். போர் இன்னும் ஓயவில்லை. இந்த மே மாதம் போர்ட் சூடான் மீதும் ஆளில்லா விமானங்கள் குண்டு வீசிய வாரத்தில், ஜொவிட்டா தினமும் பத்தரைக்கு அழைத்தார். தினமும் அவர்கள் எடுத்தார்கள்.

‘கார்த்தூம்: மூடப்பட்டது’ என்ற வரி பலகையின் இடது மூலையில் இரண்டு ஆண்டுகளாக அழிக்கப்படாமல் இருக்கிறது. அது திறக்கும் நாளில் அதை அழிக்கும் உரிமை ஜொவிட்டாவுக்கு மட்டுமே உண்டு.

வேறு ஒருவரின் கதை முடிந்தது. இனி உங்களைப் பார்த்தே பேசுகிறோம், அம்மா. கேண்டீன் பூட்டியாகிவிட்டது, சாவி பரத்வாஜ் சாரிடம் இருக்கிறது.

நாளைக் காலை எட்டரைக்குப் பலகை எழுதப்படும். நாளை மறுநாளும் எழுதப்படும். ஆப்பிரிக்கா என்று ஒரே சொல்லில் இங்கே இனி எவரும் எழுத மாட்டோம். நீங்கள் அளவுகோல் வைத்துக் கோடு போட்ட கட்டம், பரத்வாஜ் சார் கையொப்பமிட்ட ஆணைப்படி, இந்த மாதத்திலிருந்து எல்லாப் படிவங்களிலும் அச்சாகி வருகிறது. நீங்களும் எரிக் அண்ணனும் நோயின்றி, நீண்ட காலம், வீடு நிறைய விருந்தினரோடு வாழ வேண்டும். தினமும் பத்தரைக்கு உங்கள் வீட்டுத் தொலைபேசி ஒலிக்கும். எடுக்காவிட்டால் இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்.

அச்சாகி வந்த முதல் படிவத்தை உங்களுக்காகவே நிரப்பியிருக்கிறோம்.

பெயர்: ஜொவிட்டா எரிக்.
ஊர்: சாந்தோம்.
புறப்படும் நாள்: 30 ஜூன் 2025.
வீட்டில் காத்திருப்பவர் யார்?
ஒன்று: எரிக், சாந்தோம்.
இரண்டு: தேவானை, பெரும்பாக்கம்.
மூன்று: நஃபீசா, போர்ட் சூடான். தன் பெயரை எழுதியே ஆக வேண்டும் என்று அவரே போனில் சொன்னார்.

இவண்,
உங்களிடம் திட்டு வாங்கித் தேறிய
வெளிநாட்டு நோயாளர் உதவி மையப் பணியாளர்கள்,
கலங்கரை மருத்துவமனை, அடையாறு, சென்னை.