சாசனப்படி

உங்கள் எழுத்தருக்கு நல்ல கையெழுத்து, ஐயா. ஆனால் என் வாக்குமூலத்தில் நான் 'சாசனம்' என்று சொன்ன இடத்திலெல்லாம் 'விதி' என்று எழுதியிருக்கிறார். அதைத் திருத்தினால்தான் ஒப்பமிடுவேன். முப்பத்தோராண்டு இலக்கணம் கற்பித்தவன் நான்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஓர் ஆம்புலன்ஸ் உண்டு. ஒன்பது ஆண்டுகளாக நான்தான் செயலாளர். சாவி என்னிடம் இருக்கும். வண்டி வேண்டுவோர் முதல் நாளே இருவர் கையொப்பத்துடன் விண்ணப்பிக்க வேண்டும் என்பது துணைவிதி. உயிருக்கு ஆபத்தென்றால் கேட்டவுடன் தர வேண்டும் என்பது சாசனம். சாசனம் சங்கத்தைப் பெற்றது. துணைவிதியைச் சங்கம் பெற்றது. இரண்டும் முரண்பட்டால் சாசனமே நிற்கும். இதை ஒவ்வொரு கூட்டத்திலும் விளக்கினேன். சுவரிடம் சொல்லியிருக்கலாம்.

சங்கத் தலைவர் என் தங்கையின் கணவர். சென்ற கூட்டத்தில் கொட்டாவி விட்டபடி, "ரெண்டும் ஒரே ஃபைல்லதானே கிடக்கு மச்சான்? எதைக் கிழிச்சாலும் ஒரே சத்தம்தான்" என்றார். கூட்டமே சிரித்தது. பின்வரிசையில் என் தங்கையும் சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை பகல் மூன்று மணிக்கு அவர் சங்க அலுவலகத்துக்கு ஓடிவந்தார். காலில் செருப்பில்லை.

"மச்சான், சாவியக் குடுங்க. அவளுக்கு நெஞ்சு வலி, பேச்சே வரல."

"எதன்படி கேக்குறீங்க, மாப்பிள்ளை?"

"எதன்படியா? விதிப்படிதான். குடுங்க மச்சான்."

விதிப்படியென்றால் நாளைதான் கிடைக்கும் என்று விளக்கினேன். குரலை உயர்த்தவில்லை. வாசலில் நின்ற ஓட்டுநர், "வெளி வண்டி வர முக்கா மணி ஆகுமாம். அந்தம்மா உங்க தங்கச்சி சார்" என்றார். உறவுமுறை எனக்குத் தெரியும் என்றேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. நான் எதிர்பார்த்தது ஒரே ஒரு சொல்.

பன்னிரண்டாம் நிமிடத்தில் அது அவருக்கு நினைவு வந்தது. "சாசனப்படி மச்சான், சாசனப்படி" என்று தரையில் உட்கார்ந்து அழுதார். ஒன்பதாண்டு உழைப்பு வீண்போகவில்லை என்று மனம் குளிர்ந்தது. எழுதிக் கொடுக்கச் சொல்லித் தாளை நீட்டினேன்.

பத்து நிமிடம் முன்னதாக வந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று மருத்துவர் சொன்னாராம். இருக்கலாம். அந்தத் தாள் உங்கள் மேசையில்தான் இருக்கிறது; நீங்களே பாருங்கள். 'சாசனபடி' என்று எழுதியிருக்கிறார். ஒற்று இல்லை. சிவப்பு மையால் வட்டமிட்டு, மறுபடி எழுதச் சொன்னேன்.