மச்சான் வீட்டுச் சோறு

...அதாங்க்கா நானும் கேக்குறேன். விரதம்னா பட்டினிதானே? பட்டினின்னா செலவு குறையணும்தானே? எங்க வீட்ல ஏறுதுக்கா. ஏறிக்கிட்டே போவுது.

ஆமா ஆமா, அன்னதான வரிசை இதுதான். தைரியமா நில்லுங்க. பைய இப்படி ஓரமா வைங்க, யாரும் எடுக்க மாட்டாங்க. நீங்க என்னமோ வரிசை இதுதானான்னு ஒரு வார்த்தை கேட்டீங்க, நான் பாட்டுக்கு வீட்டுக் கதைய அவுத்து விட்டுட்டேன்னு பாக்குறீங்க. என்ன பண்றது, கதவு தொறக்க நேரமாவும், எனக்குப் பசி. பசிச்சா எனக்கு வாய் நிக்காது. எங்கம்மா சொல்லும், இவ பசிக்கு அழுவுற புள்ளை இல்ல, பேசுற புள்ளைன்னு.

எந்த ஊரு நீங்க? உப்பிலியபுரமா? அவ்வளவு தூரத்துலேருந்து பஸ்ஸேறி பெருமாளப் பாக்க வந்தீங்களா. நாங்க இந்தா, பக்கத்துல திருவானைக்காவல். அப்பா ஆட்டோ ஓட்டுறாரு. அம்மா வீட்லயே ஜாக்கெட் தைக்கும். தம்பி சரவணன் பத்தாவது. நான் பானு. ப்ளஸ் டூ முடிச்சேன், மேல படிக்கல. ஏன்னு எல்லாரும் கேப்பாங்க, புடிக்கலன்னு சொல்லுவேன். அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்லக்கா.

விரதத்துக்கு வரேன். எங்க வீட்ல வாரத்துல மூணு நாள் மத்தியானம் சோறு கெடையாது. திங்கக்கிழமை சிவனுக்கு, வியாழக்கிழமை குருவுக்கு, சனிக்கிழமை பெருமாளுக்கு. காலண்டர்ல தேடினா ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு சாமி இருக்காரு, தெரியுமா? பிரதோஷம், சஷ்டி, கிருத்திகைன்னு உதிரியா வேற வருது. நெனச்சா மாசம் பூரா அடுப்பு மூட்டாம ஓட்டலாம்.

ஆனா சாயந்திரம் ஆச்சுன்னா பாக்கணும். சரவணன் சொல்றான், விரதம் விட்டா பழம் சாப்பிடணுமாம். ஒரு பழம் இல்ல, ஒரு சீப்பு. எங்கம்மா சொல்லுது, வெறும் வயித்துல காரம் ஆகாது, கொஞ்சம் ஜவ்வரிசிப் பாயசம் வெய்யி. எங்கப்பா, விரதத்துக்கு அரிசிச் சோறு ஆகாதும்மா, அடை வார்த்துடுங்குறாரு. அடைன்னா வெல்லம் வேணாமா? வெண்ணெய் வேணாமா? ஒரு வேளை சோத்த மிச்சம் புடிச்சு, அத ரெண்டு மடங்கா பலகாரத்துக்குக் குடுத்துட்டு உக்காந்துருக்கேன்க்கா. விரதம் இருக்குறதுக்கு வசதி வேணும். ஏழைங்க வேளாவேளைக்கு சாம்பார் சாதம் சாப்பிடறதுதான் சிக்கனம்னு இப்பதான் புரியுது.

என்னது? யாரு இப்படி வீட்டையே பட்டினி போட்டதுன்னா?

...நான்தான்.

சிரிக்காதீங்க. அதுக்குக் காரணம் இருக்கு. எனக்கு ஓசூர்ல வேலை கெடச்சுருக்குக்கா. கம்பெனி வேலை. என்கூடப் படிச்ச ஷாஜியா போன மாசமே போயிட்டா, ரூம் எடுத்துருக்கா, நான் போனா ரெண்டு பேரும் சமைச்சு சாப்பிட்டுக்கலாம்னு. எங்கப்பா கேட்டாரு, வெந்நீர் வெச்சாக்கூட அடி புடிக்க விடுவியே, நீ தனியா எப்படிக் குடித்தனம் பண்ணுவேன்னு. எனக்கு வந்துது பாருங்க கோவம். அது என்ன பெரிய வித்தை, அம்மா பண்றது கணக்கே இல்லாத செலவு, அரிசிய கைக்கு வந்தபடி அள்ளிப் போடுது, கருவேப்பிலைய வாங்கி வாடவிட்டுத் தூக்கிப் போடுது, எங்கிட்ட குடுத்தா அதுல பாதில முடிப்பேன்னு சொல்லிட்டேன். அம்மா அப்ப ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வெச்சுக்கிட்டிருந்துது. ஊசிய அப்படியே துணில குத்தி வெச்சுட்டு, எந்திரிச்சுப் போயி, மளிகைக் காசு வெச்சுருக்குற டப்பாவ எடுத்தாந்து என் மடில வெச்சுது. இந்தாடி, ஒரு மாசம் ஓட்டு. பாதில வேணாம், முழுசுலயே ஓட்டு. ஓட்டிட்டா ஓசூரு. இல்லன்னா நம்ம தெருமுனையில பிச்சமுத்து மாமா ஜெராக்ஸ் கடை.

உங்களுக்குப் பிச்சமுத்து மாமாவத் தெரியாது. நல்ல மனுஷன்தான், ஆனா ஒரு ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்குறதுக்குள்ள நம்ம பரம்பரையே கேப்பாரு. அவர் கடைல நான் உக்காந்தா ஒரு வாரத்துல ரெண்டு பேர்ல ஒருத்தர் செத்துருவோம். அதனால எனக்கு இதுல ஜெயிச்சே ஆகணும்க்கா.

எந்த மாசம்னாலும் நீயே எடுத்துக்கன்னாங்க. நான் புத்திசாலியாச்சே, புரட்டாசிய எடுத்தேன். புரட்டாசில வீட்ல கறி மீன் கெடையாது, அந்தக் காசு அப்படியே மிச்சம்னு. எனக்குத் தோணுனது இந்த ஊர்ல இருக்குற எல்லாருக்கும் தோணும்னு எனக்குத் தோணல பாருங்க. ஊரே காய்கறிக்கு மாறுது. கத்தரிக்கா வெல ஏறுது, அவரைக்கா பக்கமே போவ முடியல. அந்தப் பக்கம் முட்டை வெல இறங்குது, கோழி வெல இறங்குது. ரசூல் பாய் கறிக்கடையில ஈ காக்கா இல்ல. என்னையப் பாத்து, என்னம்மா, இந்தப் பக்கமே காணும், இப்பதான் சல்லிசா இருக்குங்குறாரு. காது கேக்காத மாதிரி வரேன். உங்களுக்கென்ன, தோட்டத்துல காய்க்கும், பறிப்பீங்க. எங்களுக்கு எல்லாம் காந்தி மார்க்கெட்லேருந்து வரணும்.

காந்தி மார்க்கெட்னதும் ஞாபகம் வருது. கடை கட்டுற நேரத்துக்குப் போனா கூறு கட்டி மலிவா தள்ளி விடுவாங்கன்னு யாரோ சொன்னாங்கன்னு போனேன். பீர்க்கங்கா. நாலு கூறு அள்ளிட்டு வந்தேன். அந்த வாரம் பூரா பீர்க்கங்கா கூட்டு, பீர்க்கங்கா சாம்பார், பீர்க்கங்கா பஜ்ஜி. தோலையும் விடல, துவையல் அரைச்சேன். துவையல் நல்லாருக்குன்னு அப்பா வாய் தவறிச் சொல்லிட்டாரு. அவ்வளவுதான், அன்னிலேருந்து எதையும் சும்மா தூக்கிப் போடறதில்ல. வாழைக்கா தோல் துவையல், சௌசௌ தோல் துவையல், பூசணிக்கா தோல் துவையல். சரவணன் ஸ்கூல் விட்டு வந்ததும் பைய வீசிட்டு, இன்னிக்கு எதோட தோலுன்னு கேக்குறான். செருப்ப உள்ள எடுத்து வெச்சுக்கிறான்க்கா, தடிமாடு. தோல் செருப்பாம், பயமா இருக்காம்.

சாம்பார் விஷயம் வேற. பருப்பு வெலைக்கு, கொஞ்சம் இளக்கமா வெச்சேன். அப்பா கிண்ணத்தக் கிட்டக்க இழுத்து, உள்ள குனிஞ்சு பாத்து, மீசைய ரெண்டு பக்கமும் நீவிக்கிட்டாரு. நிமிந்து, சீப்பு இருக்காம்மான்னாரு.

ஆனா ஒண்ணு சொல்றேன்க்கா, அரிசில நான் கில்லி. டம்ளர் வெச்சு அளந்துதான் போடறேன். அம்மா காலத்துல மாசம் முடியறதுக்குள்ள அரிசி டின்ன சுரண்டுற சத்தம் கேக்கும். இப்ப பாதி டின்னு அப்படியே நிக்குது. யாரும் மறுசோறு கேக்குறதில்ல. போட்டத சாப்புட்டு எந்திரிச்சுடுறாங்க, சில நாள் அதுலயே மிச்சம் வெக்கிறாங்க. மாச முடிவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். ஜெயிச்சுருவேன்னுதான் நெனைக்கிறேன்.

அப்ப நீ ஏன் இங்க நிக்குறேன்னு கேக்குறீங்க. கேளுங்க. எல்லாரையும் பட்டினி போட்டவ நான், எனக்குப் பட்டினி ஒத்துக்கலக்கா. பதினோரு மணிக்கே டப்பா டப்பாவா தொறந்து பாக்க ஆரம்பிச்சுடுறேன். மொத வாரம் தாங்குனேன். ரெண்டாவது வாரம் கேழ்வரகு மாவு அரைக்கப் போறேன்னு சொல்லிட்டு இங்க வந்தேன். இன்னிக்கும் மாவு மில்லுக்குன்னுதான் சொல்லிருக்கேன். பாருங்க, தூக்குவாளி. எங்க ஊர்ல சாப்பிட்டா அப்பாவோட ஸ்டாண்டு ஆளுங்க யாராவது பாத்து சொல்லிடுவாங்க. ஸ்ரீரங்கத்துல நம்மள யாருக்குத் தெரியும்? இன்னிக்கு சிவனுக்கு விரதந்தான். ஆனா இங்க இருக்குறது யாரு? பெருமாள். பார்வதிக்கு அண்ணன். சிவனுக்கு மச்சான். மச்சான் வீட்ல ஒரு வாய் சோறு சாப்பிட்டா சிவன் கோச்சுக்குவாரா? உறவுமுறைன்னு ஒண்ணு இருக்குல்ல.

ஆனா அம்மாவ நெனச்சாதான் ஒரு மாதிரி இருக்கு. அது பாட்டுக்குத் தண்ணியக் குடிச்சுட்டு மெஷின் மிதிச்சுக்கிட்டு இருக்கும். வாய் தொறந்து பசிக்குதுன்னு சொல்லாது.

கதவு தொறந்தாச்சு. நகருங்க, நகருங்க. பையி, பைய மறந்துறாதீங்க...

அக்கா. ஒரு நிமிஷம். அப்படியே நில்லுங்க. திரும்பாதீங்க. முன்னால, தூணுக்குப் பக்கத்துல, காக்கிச் சட்டை, கழுத்துல பச்சை துண்டு... பாத்தீங்களா? அந்தத் துண்டு நான் தொவச்சது. அது எங்கப்பாக்கா.

அந்த மனுஷன் காலைல நெத்தி நெறைய விபூதி பூசிக்கிட்டு, சோமவாரம்மா, தண்ணி கூட தொடமாட்டேன்னு சொல்லிட்டுப் போனாரு. நீங்க கொஞ்சம் எனக்கு முன்னால வாங்களேன். கொஞ்சம் அகலமா நில்லுங்க. அந்தப் பைய தோள்ல தூக்கிக்குங்க, மறைக்கும். அவரு அந்த வரிசைல உக்காந்ததும் நாம இந்த ஓரம் உக்காந்துடலாம். நீங்க நடுவுல, நான் இப்படி. அக்கா, அந்தப் பக்கம் இல்ல, அக்கா... எங்க போறீங்க? அங்க எடம் இருக்குன்னு யாரு சொன்னா? அக்கா.

போயிட்டாங்க.

அண்ணே, எனக்கு வேற எடம் இல்லையா? அங்க ஒண்ணு காலியா... அவங்க ஆளு வராங்களா. சரி. தள்ளாதீங்க, உக்காந்துடுறேன்.

...அப்பா.

ஆமா, நான்தான். மொதல்ல தண்ணி குடிங்க, புரை ஏறுது. மெதுவா. தூக்குவாளியா? மாவு மில்லுக்குப் போற வழில... வழிதான், கொஞ்சம் சுத்து. நீங்க என்ன, சவாரிக்கு வந்தீங்களா? சவாரி ஆளு எங்க?

யார்கிட்ட பேசிக்கிட்டிருந்தேனா? அது உப்பிலியபுரத்து அக்கா. உங்களுக்குக் கேட்டுச்சா? எதுலேருந்து கேட்டுச்சு?

...பட்டினின்னா செலவு குறையணும்தானேலேருந்தா? அப்ப எல்லாமே கேட்டுருக்கு. கேட்டுட்டு ஏன்பா திரும்பல? எடம் போயிடும்னா? நல்லாருக்குப்பா.

அண்ணே, எனக்குக் கொஞ்சமா போடுங்க. போதும். அவருக்கு என்ன, கேக்காமயே ரெண்டாவது கரண்டி போடுறீங்க? சிரிக்க வேற செய்றீங்க. அப்பா, இந்த அண்ணனுக்கு உங்களைத் தெரியுமா? எத்தனை நாளா வரீங்க? விரத நாள் மட்டும் இல்லையா? பீர்க்கங்கா வாரத்துலயும் வந்தீங்களா?

சரி விடுங்க, உங்களச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. ஆனா அம்மாப்பா. நீங்க இங்க, நான் இங்க. அது மட்டும் அங்க வெறும் வயித்தோட...

என்னது? அம்மாதான் அனுப்புச்சா? உங்கள இங்க போவச் சொன்னதே அம்மாவா? அப்ப அது எங்க சாப்பிடுது? பக்கத்துத் தெரு ரங்கநாயகி அத்தை வீட்லயா? வாசல்ல செருப்பக் காணும்னு பாத்தேன், ஜாக்கெட் அளவெடுக்கப் போனேன்னுச்சு. சரவணனுக்கும் அங்கதானா? நான் அவனுக்குப் பழம் வாங்கி மாள்றேன், அந்த நாய்...

இருங்கப்பா. அப்ப அந்த அரிசி. பாதி டின் அரிசி. அது என் டம்ளரால மிச்சமாகல.

எதுக்குப்பா இப்படி? என்கிட்டயே சொல்லிருக்கலாம்ல, ஏய், வாயில வைக்க முடியலன்னு. பந்தயம் கட்டுனது நீங்க. நான் தோத்தா உங்களுக்குத்தானே நல்லது, பொண்ணு தெருமுனையிலயே இருப்பா.

...மொத வாரமே தெரிஞ்சுபோச்சா. அம்மா என்ன சொல்லுச்சு? திரும்பச் சொல்லுங்க, கூட்டத்துல கேக்கல.

அவ போகணும்னு நெனைக்கிறா, அரிசி தீந்துபோயி அவ நிக்கக் கூடாதுன்னுச்சா.

ம்.

இல்ல, அழுவல. ரசத்துல மிளகு ஜாஸ்தி.

அப்பா, இதுல நான் ஜெயிக்கலப்பா. நீங்க எல்லாரும் வெளிய சாப்புட்டு எனக்கு மார்க் போட்டுருக்கீங்க. எனக்கு அது வேணாம். சாயந்திரம் நானே அம்மாகிட்ட சொல்லிடுறேன், டப்பாவயும் குடுத்துடுறேன். பிச்சமுத்து மாமா கடைக்கே போறேன். அவரு எதாவது கேட்டா எதிர்த்துப் பேசாம இருக்கப் பாக்குறேன், கஷ்டந்தான்.

என்ன தலையாட்டுறீங்க? ஓசூரா? போலாமா? நெசமாவா, இல்ல சோறு சாப்பிட்ட சந்தோஷத்துல சொல்றீங்களா? தோத்தவளை ஏன்பா அனுப்புறீங்க? ...ஒளிக்காம ஒத்துக்கிட்டேன்னா? ஒரு அம்பது பேருக்குக் கேக்குற மாதிரி ஒத்துக்கிட்டேன், அது வேற விஷயம்.

ஆனாவா? என்ன ஆனா?

...சமையல் ஷாஜியாதானா. நான் அடுப்புப் பக்கமே போகக் கூடாதா. பாத்திரம் மட்டும் நானா. இது யாரு போட்ட கண்டிஷன், அம்மாவா நீங்களா? ஷாஜியாவேவா? அவளுக்கு எப்படித் தெரியும்? போன் பண்ணிக் கேட்டீங்களா? அந்தத் துவையல் விஷயத்தையுமா?

சரிப்பா. பாத்திரம் நான் தேய்ச்சுக்கிறேன்.

ராத்திரிக்கா? ராத்திரிக்கு அடை இல்ல, பாயசம் இல்ல. அம்மா என்ன போடுதோ அது. நான் கேக்குறதா இல்ல. நீங்களும் வீட்டுக்கு வரப்ப அந்த விபூதிய கொஞ்சம் கலைச்சுட்டு வாங்க, ரொம்பப் பளிச்சுன்னு இருக்கு, பட்டினி கெடந்தீங்கன்னு தெருவுல யாரும் நம்ப மாட்டாங்க.

அண்ணே, இங்க வாங்க. அவருக்குப் போட்ட மாதிரி எனக்கும் இன்னொரு கரண்டி போடுங்க. நானும் அவரு வீடுதான்.