டிரம்மில் போட்ட ஓட்டை

நிவேதா: ...அதான் சொல்லுதேன்லா பாய், அண்ணன் இல்ல. ஐந்தருவில ஒரு சிப்ஸ் கடைக்குக் கதவு மாட்டப் போயிருக்கான். சாயந்தரமா வாங்க.

கிதிர்: இலஞ்சி வரைக்கும் வந்துட்டு சும்மா போகவா? அருண்பாண்டி மரத்தூசி பிரிக்க ஒரு மிஷின் செஞ்சிருக்கான்னாங்க. கண்ணால பாத்துட்டுப் போறேன். நான் கிதிர் முகம்மது. தென்காசில மரப்பட்டறை. மனசுக்குப் புடிச்சா எங்களுக்கு நாலு வேணும்.

நிவேதா: நாலா?

கிதிர்: நாலு. ஆனா, செஞ்சவன் மேல நம்பிக்கை வரணும். நீ யாரும்மா?

நிவேதா: தங்கச்சி. நிவேதா.

கிதிர்: படிக்கியா?

நிவேதா: முடிச்சாச்சு. இந்தா நிக்கி மிஷின், பாருங்க.

கிதிர்: இதா? ஏ... இது கோயில் கொடைக்குக் கட்டுத கூம்பு ஸ்பீக்கர்லா!

நிவேதா: ஆமா. கட்டக்கூடாதுன்னு தடை போட்டாச்சு. சவுண்டு சர்வீஸ் சுடலைமாடன் அண்ணாச்சி வீட்ல அதுக்குள்ள கோழி முட்டை விட்டுட்டுக் கிடந்துச்சு. முனை ரொம்பச் சின்னது, அதான் அறுத்தே... அறுத்தான். அண்ணன்.

கிதிர்: மேல பெயிண்ட் வாளி, நடுவுல கூம்பு, கீழ டிரம்மு. காயலாங்கடைய அடுக்கி வச்சிருக்கான்!

நிவேதா: காயலாங்கடை என்ன செய்யுதுன்னு பாத்துட்டுப் பேசுங்க. குழாய் வாளிக்குள்ள ஓரமா நுழையுதா? காத்து சுவரோட சுவரா சுத்தும். தூசி கனம்லா, ஓரத்துல ஒதுங்கி, கூம்புல வழுக்கி, டிரம்முல விழுந்துரும். வெறுங்காத்து நடுக்குழாய்ல ஏறி வேக்குவம் கிளீனருக்குப் போவும். அதுல இருந்த பை, பில்டர் எல்லாத்தையும் கழட்டிட்டேன். வெளிய வருத காத்துல உங்க துண்டப் பிடிங்க.

கிதிர்: ஏ தாயி, இது புதுத் துண்டு...

நிவேதா: பிடிங்க பாய். இந்தா, ஒரு முறம் தூளு. ஆன் பண்ணுதேன்.

கிதிர்: அம்மாடி, என்னா சத்தம்!

நிவேதா: நிப்பாட்டிட்டேன். விரிச்சுப் பாருங்க.

கிதிர்: ...வெள்ளையாத்தான் இருக்கு.

நிவேதா: இருக்கும்.

கிதிர்: ஆனாலும் உங்க அண்ணன் வெவரம் பத்தாத பய. கூம்பு கட்டையாப் போச்சு. இன்னும் ஒரு முழம் நீளணும்.

நிவேதா: நீளலாம். கூரைய யாரு பிய்க்கது? அண்ணாந்து பாருங்க, தகரம் இடிக்கி.

கிதிர்: டிரம்மு எதுக்கு இம்புட்டுத் தடியா? கீழயும் ஒரு வாளி வச்சாப் போதும்லா.

நிவேதா: போதாது. குழாய் எங்கயாவது அடைச்சா, உறிஞ்சுத வேகத்துல வாளி அப்பளமா நொறுங்கிரும். முத வாளி அப்படித்தான் போச்சு.

கிதிர்: இதென்ன, மூடியச் சுத்தி சைக்கிள் டியூபு? கோமாளித்தனமா...

நிவேதா: எது கோமாளித்தனம்?

கிதிர்: எங்க பட்டறைலயும் ஒருத்தன் இதே மாதிரி செஞ்சிருக்கான். கூம்பு மூணு முழம், அம்சமா இருக்கும். டியூபு கியூபு எதுவும் கிடையாது.

நிவேதா: வேலை செய்யுதா?

கிதிர்: ஓடுது... டிரம்முல ஒரு கைப்பிடித் தூளு விழமாட்டேங்கு. பூரா வேக்குவத்துக்கே போயிருது. சாரல் ஈரந்தான் காரணம்னு சொல்லுதான்.

நிவேதா: சாரல் அவனை என்ன செஞ்சுது? டிரம்முல ஓட்டை எதுவும் இருக்கா?

கிதிர்: சேச்சே... தூளு எம்புட்டு நெறஞ்சிருக்குன்னு பாக்க, பட்டாணி அளவுல ஒண்ணே ஒண்ணு...

நிவேதா: போச்சு! வெளிக்காத்து அது வழியா உள்ள பாயுது பாய். விழுத தூள விழவிடாம மேல தூக்கிட்டுப் போயிருது. டிரம்முல ஒரு ஊசி ஓட்டை ஆகாது, அதுக்குத்தான் டியூபே. எந்தக் கிறுக்கன் அதைப் போட்டான்?

கிதிர்: இதெல்லாம் அண்ணன் சொல்லிக் குடுத்தானோ?

நிவேதா: அவனா! அவனுக்கு...

கிதிர்: ம்?

நிவேதா: ...ஆமா. அண்ணன்தான்.

கிதிர்: அப்ப இந்த டியூபு ஒட்டுன கோமாளியும்...

நிவேதா: நாந்தான் பாய் அந்தக் கோமாளி! கூம்ப அறுத்தது நான், வாளிய நொறுக்குனது நான், மெக்கானிக்கல் படிச்சவ நான். எங்க வீட்டு மொத டிகிரி. போன மாசம் மிஷின் வாங்க வந்த வல்லிநாயகம் அண்ணாச்சி இதே இடத்துல நின்னு ஆகா ஓகோன்னாரு. யாரு செஞ்சான்னு கேட்டாரு, நாந்தான்னேன். "பொம்பளப் பிள்ளையா... யோசிச்சுச் சொல்லுதேன்"னு செருப்பப் போட்டுட்டுப் போனவரு, இன்னும் யோசிக்காரு. அதான் ஊரெல்லாம் அண்ணன் பேரச் சொல்லச் சொன்னேன். நீங்களும் போய் யோசிங்க. அதுக்கு முந்தி அந்த ஓட்டைய அடைங்க.

கிதிர்: போகலாம்... செருப்பு சாரல்ல நனைஞ்சு கிடக்கு. காயட்டும்.

நிவேதா: சிரிக்காதிய பாய்.

கிதிர்: சிரிக்கலம்மா. காலைல ஐந்தருவில உங்க அண்ணனப் பாத்துட்டுத்தான் வாரேன். டிரம்முல ஏன் தூளு விழலன்னு கேட்டா, திருதிருன்னு முழிச்சான். பொறவு, "எந்தங்கச்சிட்ட போங்க பாய். கேட்டா எம்பேரச் சொல்லுவா. மிஷினக் குத்தம் சொல்லுங்க, தன்னால கொட்டிருவா"ன்னான். நாளைக்குக் காலைல தென்காசிக்கு வா தாயி, நாலுக்கும் நீயே அளவெடு. வரும்போது ஒரு பழைய டியூபும் கொண்டா... ஓட்டை போட்ட கிறுக்கன் நாந்தான்.