டீச்சர் வீட்டுக் காலைச் சாப்பாடு

முட்டை அடிக்கும்போது அவசரப்படக் கூடாது, மேடம். நுரை பொங்க அடித்துவிட்டு, பிறகு ரப்பர் மாதிரி இருக்கிறது என்று குறைப்படுகிறார்கள். மெதுவாகக் கலக்கினால் போதும். கீரையை முதலில் தனியாக வதக்கி, தண்ணீர் சுண்டிய பிறகுதான் முட்டையை ஊற்ற வேண்டும். இதெல்லாம் நான் ஓய்வு பெற்ற பிறகு கற்றுக்கொண்டது. அதுவரை எனக்குத் தெரிந்த ஒரே வேலை லிஃப்ட் ரிப்பேர்.

என் மனைவி பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்தவள். தெருவுக்கு அவள் டீச்சர். நான் டீச்சர் வீட்டுக்காரர். வீட்டிலும் அவள் டீச்சர்தான். நான் பேச வாயெடுத்தால் பாதியில் பிடுங்கி அவள் முடிப்பாள். விருந்தாளிகள் முன்னால், "அவருக்கு அது சரியா சொல்ல வராது, நான் சொல்றேன்" என்பாள். சரி என்று இருந்துவிடுவேன். எத்தனை வருஷம் அப்படி இருக்க முடியும் என்று கேட்பீர்கள். இருக்கலாம் மேடம். சண்டை போடுகிறவன்தான் களைப்பான் என்று நினைக்கிறோம். சும்மா இருக்கிறவனுக்கும் களைப்பு வரும். எலும்புக்குள் இறங்குகிற களைப்பு அது.

அவளுக்கு இதயத்தில் வால்வு பழுதாகி, செயற்கை வால்வு வைத்தார்கள். ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை. வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "ஐயா, கீரை, பச்சைக் காயெல்லாம் திடீர்னு அதிகமாக்கிடாதீங்க. மாத்திரை வேலை செய்யாது. ரத்தம் கட்டிக்கும்" என்றாள். என் மனைவி அப்போது சக்கர நாற்காலியில் அரைத் தூக்கத்தில் இருந்தாள். பின்னால், "இந்த மாத்திரைக் கதையெல்லாம் நீங்களே பாத்துக்குங்க, எனக்கு நோயாளி மாதிரி இருக்கப் பிடிக்கல" என்று சொல்லிவிட்டாள். நானே பார்த்துக்கொண்டேன்.

அவள் படுத்திருந்த அந்த மாதங்களைத்தான் என் கல்யாண வாழ்க்கை என்று சொல்லுவேன். "கொஞ்சம் தண்ணி தர முடியுமா?" என்று கேட்பாள். முடியுமா என்று என்னை ஒருவரும் அதுவரை கேட்டதில்லை. சாயங்காலம் ஜன்னலோரம் அவளை உட்கார வைத்துத் தலை வாரிவிடுவேன். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் எப்படி மாட்டிக்கொண்டது என்று கதை சொல்வேன். கேட்டுக்கொண்டே தூங்கிப்போவாள். பக்கத்து வீட்டம்மா என்னைக் காட்டித் தன் புருஷனைத் திட்டுவாளாம்.

பிறகு அவளுக்கு உடம்பு தேறியது. நடக்கத் தொடங்கியதும் நேரே சமையலறைக்குத்தான் வந்தாள்.

"தள்ளுங்க. இத்தனை நாளா கீரையை இப்படித்தான் வதக்குனீங்களா? நிறமே போச்சு."

"சரி, நீ சொல்லு, அப்படியே செய்றேன்."

"காலையில இனிமே எண்ணெய் கம்மியா, பச்சைக் காய் நிறையா இருக்கணும். முட்டை ஒண்ணு. அடுத்த மாசம் பிள்ளைங்க டியூஷனுக்கு வருவாங்க. நீங்க உங்க சாமானையெல்லாம் மாடிக்குத் தூக்கிட்டுப் போயிடுங்க."

பச்சைக் காய் நிறைய வேண்டும் என்று அவள்தான் கேட்டாள். இதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். அந்த நர்ஸம்மா சொன்னதை அப்போது அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், "உங்களுக்குச் சரியா கேட்டிருக்காது" என்பாள். அதற்குப் பதில் பேச எனக்குத் தெம்பில்லை.

முதலில் ஒரு கைப்பிடி பசலைக்கீரை. அப்புறம் அதனோடு ப்ரோக்கோலி, வெங்காயத்தாள். பிறகு முட்டை தெரியாத அளவுக்குப் பச்சை. ருசித்துச் சாப்பிட்டாள். "பரவாயில்லையே, தேறிட்டீங்க" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்கிற ரத்தப் பரிசோதனையில் கணக்கு இறங்கியிருந்தது. அவள் வெளியே எடை பார்க்கப் போயிருந்தபோது டாக்டர் என்னிடம், "கீரை ஏதாவது அதிகமா சாப்பிடுறாங்களா?" என்று கேட்டார்.

"அவளுக்குக் கீரைன்னாலே ஆகாது டாக்டர்" என்றேன்.

மாத்திரையைக் கூட்டினார். வீட்டுக்கு வரும் வழியில் இன்னும் இரண்டு கட்டு கீரை வாங்கினேன்.

கொஞ்ச நாளில் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மாடிப்படியில் பாதியில் நின்று, "கையைக் கொஞ்சம் பிடிச்சுக்க முடியுமா?" என்றாள். பிடித்துக்கொண்டேன். டியூஷன் பேச்சு நின்றது. என் சாமான்கள் கீழேயே இருந்தன. அவள் சாக வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை மேடம். களைத்திருக்க வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். நான் இவ்வளவு காலம் களைத்திருந்தேன். அவளும் கொஞ்சம் இருக்கட்டுமே.

ஒரு காலை, பாதிச் சாப்பாட்டில் கையிலிருந்த ஸ்பூன் விழுந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள், சொல்லாக வரவில்லை. நான் வாணலியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். முட்டை காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும்.

மகள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். டாக்டர் அவளிடம் பேசியிருக்கிறார். வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தவள், உள்ளே அடுக்கியிருந்த கீரைக் கட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள்.

"அப்பா, அம்மாவுக்குக் கீரையே ஆகாதுன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"கீரை சேர்த்தா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

அவள் கேட்டதும் சொல்லிவிட்டேன். மறைக்கவும் ஒரு தெம்பு வேண்டும் அல்லவா. அவள்தான் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னாள். பெற்ற மகள்மேல் எனக்குக் கோபமில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்தேதான் செய்தேன். தினமும் என் கையால் செய்தேன். கேட்டவரிடம் பொய் சொன்னேன். கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒரு விஷயம் மட்டும் திருத்த வேண்டும். போன வாரம் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கஞ்சி ஊட்டப் போனேன். ஸ்பூனைக் கண்டதும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். அசைக்க முடிந்த ஒரு கையால் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டாள். "அம்மா உங்களைப் பாத்துப் பயப்படுறாங்க, வெளிய போங்கப்பா" என்றாள் மகள். அவள் வாக்குமூலத்திலும் அப்படித்தான் எழுதியிருப்பீர்கள். அது பயமில்லை மேடம். மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது புருஷன் ஊட்டிவிட்டால், எந்தப் பெண்ணுக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.