காற்றுக்காரர்

விளக்கைக் குறைத்துவிட்டு எல்லோரும் கிட்ட வந்து உட்காருங்கள். கதவோரம் இருப்பவர் தாழ்ப்பாளைப் போட்டுவிடுங்கள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடியுங்கள். நடுவில் சிரித்தால் பாதியில் நிறுத்திவிட்டுப் படுக்கப் போய்விடுவேன், அப்புறம் கெஞ்சினாலும் சொல்ல மாட்டேன்.

இது என்னோடு தையல் கடையில் வேலை பார்க்கும் சிநேகிதியின் கூடப் பிறந்த அக்காவுக்கு நடந்தது.

ராத்திரி பதினோரு மணி. பேராலயத்தின் பின்மதிலை ஒட்டி ஒரு தெரு போகிறது... நீளமான தெரு. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் பூட்டிய கிடங்குகள். ஈ காக்கை கிடையாது. அந்தத் தெருவில் அக்காவும் அவள் புருஷனும் நடந்து போகிறார்கள். அவர் முன்னால், அவள் நாலடி பின்னால். அவர் என்றைக்குமே அப்படித்தான் நடப்பார்.

அவர் பேராலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைத் 'துரை' என்பார்கள். அவ்வளவு மிடுக்கு. எனக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. ஆனால் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும்... வாசிப்பில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆர்கன் என்றதும் மேசைமேல் வைத்து வாசிக்கிற பெட்டி என்று நினைக்காதீர்கள். அது ஒரு வீடு. பேராலயத்தின் பின்சுவர் முழுக்க, மாடத்திலிருந்து கூரை வரைக்கும் குழாய்கள். பென்சில் பருமனில் குழாய் உண்டு. நாம் இரண்டு பேர் உள்ளே நிற்கலாம், அந்தப் பருமனிலும் உண்டு. ஒருமுறை சிநேகிதி என்னை இழுத்துக்கொண்டு போனாள். தூங்கிவிடுவேன் என்று சொல்லிக்கொண்டேதான் போனேன். முதலில் ஒற்றைச் சத்தம், மெல்லிசாக, எங்கோ கூரைக்குப் பக்கத்தில். அப்புறம் கீழேயிருந்து இன்னொன்று. ஒன்றை ஒன்று துரத்தித் துரத்தி... சட்டென்று எல்லாக் குழாய்களும் ஒன்றாகத் திறந்துகொண்டன. பெரிய குழாயின் சத்தம் காதில் விழாது. உட்கார்ந்திருக்கும் பலகை அதிரும், அடிவயிறு அதிரும்... அதுதான் அந்தச் சத்தம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை வாசித்தது துரையின் கை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அத்தனை குழாய்களுக்கும் மூச்சு வேண்டுமே? ஆர்கனுக்குப் பின்னால், பலகைச் சுவருக்கு அந்தப்புறம், ஒரு சின்ன அறை. அதில் கட்டில் அகலத்துக்குத் தோல் துருத்தி. இப்போது மோட்டார் அதில் காற்றை நிரப்புகிறது. முன்பு ஒரு ஆள் நின்று நீண்ட மரக் கைப்பிடியை மேலும் கீழும் அழுத்திக்கொண்டே இருப்பார். அவருக்குக் காற்றுக்காரர் என்று பெயர். மோட்டார் வந்த பிறகு வீட்டோடு இருந்தார்.

வாசிப்பவரும் காற்றுக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. அதனால் அவர்களுக்குள் இரண்டே பேச்சுதான். வாசிப்பவர் தன் பக்கத்திலுள்ள குமிழை இழுத்தால் பின்னறையில் மணி அடிக்கும். இன்னும் காற்று வேண்டும் என்று அர்த்தம். காற்றுக்காரர் பலகைச் சுவரைத் தட்டினால், முடியவில்லை, நிறுத்து என்று அர்த்தம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு மோட்டார் புகைந்துபோய்விட்டது. அந்த வாரமே பெரிய கச்சேரி. அதைக் கேட்டுவிட்டுத்தான் தலைமை இசைஞர் பதவியை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யப் போகிறார்கள். துரைக்கு அந்தப் பதவிமேல் பல வருஷமாக ஒரு கண். அதனால்தான் அந்த அகால நேரத்தில் காற்றுக்காரர் வீட்டுக் கதவைப் போய்த் தட்டினார்.

காற்றுக்காரரின் மகள் திறந்தாள். விஷயத்தைக் கேட்டதும் வாசலை மறித்து நின்றுகொண்டாள்.

"அப்பாவால முடியாது சார். நெஞ்சு பலவீனமா இருக்கு. மாடிப்படியே ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

காரியம் ஆக வேண்டும் என்றால் துரை வெண்ணெயாக உருகுவார். "ஒத்திகைக்கு ஒரு தடவ, கச்சேரிக்கு ஒரு தடவ, அவ்வளவுதாம்மா. முடியலன்னா ஒரு தட்டு தட்டட்டும். அந்த நிமிஷமே கைய எடுத்துடுவேன். சத்தியமா."

அதற்குள் உள்ளே காற்றுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார், விடிந்ததும்தான் போக வேண்டும் என்பதுகூட மறந்துபோய். "போயிட்டு வரேன் கண்ணு. அந்தப் பெரிய குழாய் பேசி நான் கேட்டு எத்தன வருஷமாச்சு... பின்னாடி நின்னு கேக்கிற சுகம் முன்னாடி உக்காந்திருக்கிறவங்களுக்குத் தெரியாது."

மகள் துரையைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தாள். துரை வாசிக்கும்போது பக்கத்தில் நின்று இசைத்தாளைத் திருப்புவது அக்காதான்.

"அக்கா, நீங்க அங்கதான இருப்பீங்க? பாத்துக்குவீங்களா?"

"நான் பாத்துக்கிறேம்மா," என்றாள் அக்கா.

மறுநாள் ஒத்திகை. பேராலயத்தில் வேறு யாருமில்லை. மெழுகு வாசனை, ஈரக் கல் வாசனை, பின்னாலிருந்து பழைய தோல் வாசனை. க்ரீச்... புஸ்... க்ரீச்... புஸ்... கைப்பிடி இறங்கி ஏறுகிற சத்தம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. மனுஷன் பழைய ஆள் அல்லவா, காற்று ஒரு இடத்தில்கூடக் குறையவில்லை. துரை கடைசி உருப்படியைத் தொடங்கினார். அதன் முடிவில் எல்லாக் குழாய்களும் சேர்ந்து பல சுரங்களை ஒன்றாக அழுத்திய ஒரே சுரக்கட்டில் நிற்க வேண்டும். நீளமாக நிற்க வேண்டும். அதைக் கேட்டுத்தான் பதவியே.

அதற்குக் கொஞ்சம் முன்னால்...

டொக்.

அக்கா துரையைப் பார்த்தாள். கை ஓடிக்கொண்டே இருந்தது.

டொக்... டொக்.

இப்போது துரையும் அவளைப் பார்த்தார். கேட்டுவிட்டது, சந்தேகமே இல்லை. அவர் இடது கை போனது... குமிழுக்கு. இழுத்தார். பின்னால் கிணிங் என்று மணி. மறுபடி இழுத்தார். தாள் முடிந்திருந்தது. தலையை ஆட்டி அக்காவுக்குச் சைகை காட்டினார். அக்கா தாளைத் திருப்பினாள்.

கடைசிச் சுரக்கட்டு எழும்பியது. கட்டடமே நடுங்கியது. முடியப்போகும் நேரத்தில் ஒரு தரம் முரட்டுத்தனமாக வீங்கி, அப்படியே முனகிக்கொண்டு அடங்கியது.

"ச்சே, கடைசியில சொதப்பிட்டாரு," என்றார் துரை.

பின்னறையில் காற்றுக்காரர் கைப்பிடிமேல் கவிழ்ந்து கிடந்தார். அந்தக் கடைசி வீக்கம் அவர் உடம்பின் பாரம் கைப்பிடியை அழுத்தியதால் வந்தது.

மகள் வந்தாள். துரை அவளிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒரு தட்டு தட்டியிருந்தா நிறுத்தியிருப்பேனேம்மா. தட்டவே இல்லையே."

"அப்பா எங்கிட்ட சத்தியம் பண்ணிட்டுத்தான் வந்தாரு, முடியலன்னா தட்டுறேன்னு." மகள் அக்கா பக்கம் திரும்பினாள். "தட்டலையா அக்கா?"

அக்கா தன் புருஷனைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள்.

"இல்லம்மா," என்றாள்.

யாராவது ஏதாவது சொன்னீர்களா? இல்லையா? சரி.

துக்கத்துக்காகக் கச்சேரியைத் தள்ளிவைத்தார்கள். மோட்டாரைச் சரிசெய்தார்கள். துரை கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு அடக்கத்துக்குப் போய், எல்லோரையும்விட முன்வரிசையில் நின்றார். வீட்டில் ஒரு வார்த்தைகூட அதைப் பற்றிப் பேசவில்லை. அக்கா ஒருநாள் பேச்செடுத்தாள். "செத்தவரு செத்துட்டாரு, இப்ப என்னங்கிற?" என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிட்டார். இந்த ஆளை நான் ஏன் திட்டுகிறேன் என்று இப்போது புரிகிறதா?

கச்சேரி நாள் வந்தது. சாயங்காலம் பேராலயத்தில் நிற்க இடமில்லை. வந்தவர்கள் எல்லோரும் பீடத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், ஆர்கன் அவர்கள் முதுகுக்குப் பின்னால் மாடத்தில். வாசிப்பவரை யாரும் பார்க்க முடியாது. மாடத்தில் துரை, பக்கத்தில் அக்கா. வேறு ஆளில்லை.

துரை அன்றைக்கு வாசித்த வாசிப்பை இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். கீழே ஒரு இருமல் கிடையாது. கடைசி உருப்படி. பாதி போயிருக்கும். அக்காவின் காலடியில் அதுவரை ம்ம்ம்... என்று ஓடிக்கொண்டிருந்த ஒரு அதிர்வு நின்றது.

மோட்டார் நின்றுவிட்டது.

துரையின் முகம் வெளுத்தது. காற்று தீர்ந்து ஆர்கன் ஊளையிட்டு அடங்கும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அடங்கவில்லை. இசை இன்னும் கனத்தது. குழாய் ஒவ்வொன்றும் முன்னைவிட நிறைந்து பேசியது.

பின்னாலிருந்து...

க்ரீச்... புஸ்... க்ரீச்... புஸ்...

பழைய தோல் வாசனை வந்தது. கூடவே வியர்வை.

துரைக்கு மூச்சு ஏறவில்லை. அக்கா கண்ணால் பார்த்தாள். கைப்பிடி ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் அவர் மார்பு உள்ளே ஒட்டியது. வாய் திறந்திருக்கிறது, உள்ளே ஒன்றும் போகவில்லை. கை மட்டும் ஓடுகிறது. இடது கையைப் பிய்த்து எடுத்தார். எடுத்த பிறகும் அந்தக் கை அழுத்தியிருந்த சுரங்கள் நிற்கவில்லை... அந்தக் கையால் பலகைச் சுவரைத் தட்டினார்.

டொக். டொக். டொக்.

பின்னால் கைப்பிடி இன்னும் வேகமாக இறங்கியது.

அக்கா ஓடினாள். பின்னறைக் கதவைத் தள்ளித் திறந்தாள். மோட்டார் அசையாமல் கிடந்தது. ஆள் யாருமில்லை. கைப்பிடி மட்டும் மேலும் கீழும், மேலும் கீழும். அக்கா இரண்டு கையாலும் அதைப் பிடித்தாள்.

நின்றது. கொஞ்சமும் இழுத்துப் பறிக்கவில்லை, உடனே நின்றது. மரம் சூடாக இருந்தது. கை வைத்த இடமெல்லாம் ஈரம்.

முன்பக்கம் இசை தொய்ந்தது. பலகைக்கு அந்தப்புறம் அவள் புருஷன் பெரிதாக மூச்சை இழுத்தார். ஒருமுறை. இன்னொருமுறை. அக்காவுக்கு அப்போது தெரிந்துவிட்டது. கைப்பிடியை இவள் பிடித்திருக்கிறவரைக்கும் அவர் பிழைத்திருப்பார். அதுவும் அவள் கைக்குள்ளே காத்துக்கொண்டிருந்தது, களைத்த மனுஷன் நிற்பது போல லேசாக நடுங்கிக்கொண்டு.

"என்னங்க, போதும்... எந்திரிச்சு வந்துடுங்க!" என்று கத்தினாள். இசையில் அது கேட்டிருக்காது. அதனால் ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்தபடி மறுகையால் பலகையைத் தட்டினாள். டொக். டொக். நிறுத்துங்கள் என்று.

முன்பக்கமிருந்து யாரும் எழுந்து வரவில்லை. சுரக்கட்டு இறங்கிக்கொண்டே வந்தது. கீழே அத்தனை ஜனம். அத்தனை வருஷத்துப் பதவி.

அவள் தலைக்குமேல் இருந்த மணிக்கம்பி விறைத்தது. முன்பக்கமிருந்து யாரோ இழுத்தார்கள்.

கிணிங்.

அக்கா மறுபடி தட்டினாள். கை வலிக்கத் தட்டினாள்.

கிணிங். கிணிங்.

அக்கா கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

அந்தக் கடைசிச் சுரக்கட்டைப் போல நீளமாக ஒன்றை யாரும் கேட்டதில்லை என்கிறார்கள். பெரிய குழாயின் அதிர்வில் பலகைகள் நடுங்கின, கல்தரை நடுங்கியது, கீழே பலர் அழுதார்களாம். அது நின்றதும் எல்லோரும் எழுந்து, பீடத்தைப் பார்த்தபடியே கைதட்டினார்கள். மாடத்தில் துரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் கட்டைகள்மேல். வாய் திறந்தபடி. செத்தும் ஒரு சுரம் தப்பாக வாசிக்கவில்லை அந்த ஆள்.

மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார் டாக்டர். மோட்டாரைப் பார்த்த மெக்கானிக் தலையைச் சொறிந்தார். உள்ளே கம்பி கருகியிருக்கிறது, கடைசிக் கால்மணி நேரம் அது ஓடியிருக்க வழியே இல்லை என்றார்.

அன்று ராத்திரியே அக்கா அந்தப் பின்தெரு வழியாகத் தனியாக நடந்து காற்றுக்காரர் வீட்டுக்குப் போனாள். மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "உங்கப்பா தட்டினாரும்மா. என் வீட்டுக்காரருக்கும் கேட்டுச்சு. எனக்கும் கேட்டுச்சு. நான் தாளத் திருப்பினேன்."

மகள் அழவில்லை, திட்டவும் இல்லை. "அவருக்குக் கேட்டதுக்கு அவரு போயிட்டாரு," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

போன வாரம் சிநேகிதி கடையில் பொத்தான் தைத்துக்கொண்டே சொன்னாள். அக்காவுக்கு இப்போதெல்லாம் படுத்தால் மூச்சு விட முடியவில்லையாம். படம் எடுத்துப் பார்த்துவிட்டு நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, மனப்பிரமை என்று அனுப்பிவிட்டார்களாம். மூச்சு வெளியே போவது சுலபமாகப் போகிறதாம். அப்புறம்தான் அவள் காத்திருக்க வேண்டியிருக்கிறதாம், இருட்டில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு... திரும்ப உள்ளே விடலாமா என்று யாரோ யோசிப்பது போல. சில ராத்திரிகளில் ரொம்ப நேரம் யோசிக்கிறாராம்.