ஞாயிற்றுக்கிழமை மாற்றிய வார்த்தை

தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. அலுவலகத்தில் என் தலை தெரிந்தாலே முகத்தைச் சுளிப்பார்கள். இருபத்திரண்டு வருடமாகக் கணினிப் பாதுகாப்பு வேலையில் இருக்கிறேன் ஐயா, அதெல்லாம் பழகிவிட்டது.

என் பயம் எப்போது தொடங்கியது என்று கேட்டீர்கள். போன வருடம். எங்கள் வரவேற்பறையில் இருந்த பெண்மணிக்கு மேலாளரின் குரலில் போன் வந்தது, பின்கதவைத் திறந்துவிடச் சொன்னது. அவரும் திறந்துவிட்டார். வந்தவர்கள் மூன்று கணினிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். மேலாளரோ அந்த நேரத்தில் பல் மருத்துவரிடம் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் குரலை யாரோ கணினியில் செய்திருந்தார்கள். அந்த அழைப்பின் பதிவைப் பதினேழு முறை கேட்டேன். அவருடைய செருமல்கூட அதில் இருந்தது. அன்றிலிருந்து போன் மணி அடித்தால் எண்ணைப் பார்க்காமல் நான் எடுப்பதில்லை.

அதனால்தான் வீட்டுக்கும் ஒரு ரகசிய வார்த்தை வைத்தேன். தெரியாத எண்ணிலிருந்து நம் வீட்டு ஆள் கூப்பிட்டால், வார்த்தையைச் சொன்ன பிறகுதான் பேச்சு. இரும்புக் கதவு போட்டு, சாத்தினால் தானே பூட்டிக்கொண்டு, வெளியிலிருந்து எங்கள் மூன்று பேர் போனில் மட்டும் திறக்கிற பூட்டு மாட்டினேன். ஜன்னலுக்குக் கனமான கம்பி, வாசலில் கேமரா. "சாப்பிட உக்காரும்போதும் வார்த்தை கேக்கணுமா, இல்ல முகத்தைப் பாத்தே சோறு போட்டுடலாமா?" என்று மனைவி கேட்டாள். மகளுக்குப் பத்தொன்பது வயது. அவளும் சேர்ந்து சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது, காட்டிக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தொண்ணூறு நாள் முடிந்தது. "நீலக் குடை"யை எடுத்துவிட்டு "மர ஏணி" வைத்தேன். மகள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, "சரிப்பா, சரிப்பா" என்று தலையாட்டினாள்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, புதிதாகச் சேர்ந்த பன்னிரண்டு பேருக்குக் குரல் மோசடி பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா, நான்தான். துணி எடுக்க மாடிக்குப் போனேன், கதவு சாத்திக்கிச்சு. என் போன் உள்ள இருக்கு. அம்மா சமையலறையில விழுந்து கிடக்காங்க, ஜன்னல் வழியா தெரியுது. அசையவே இல்ல. கதவைத் திறங்கப்பா."

"வார்த்தை சொல்லு."

"நீலக் குடை. சீக்கிரம்பா."

துண்டித்தேன். "பாத்தீங்களா? அவசரம், அழுகை, கதவைத் திற. இப்ப சொன்னேனே, மூணும் இருக்கு," என்றேன்.

முன்வரிசையில் ஒரு பெண், "நிஜமா இருந்தா சார்?" என்றாள்.

"நிஜமா இருந்தா வார்த்தை தெரிஞ்சிருக்கும்."

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். விதிப்படி மனைவியின் எண்ணுக்கும் மகளின் எண்ணுக்கும் நானே கூப்பிட்டேன். இரண்டும் அடித்து ஓய்ந்தன.

இரண்டாவது அழைப்பை வெளியே போய் எடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் பேசினார். "உங்க பொண்ணுதான் சார். என் போன்லதான் பேசினா. ஆம்புலன்ஸ் வந்து நிக்குது, கதவு அசைய மாட்டேங்குது." அவரிடம் வார்த்தை கேட்க முடியாது. வைத்துவிட்டேன்.

தீயணைப்புக்காரர்கள் கதவை அறுத்து முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. நான் பார்த்துப் பார்த்து வாங்கிய கதவு அது. கால் மணி நேரம் முன்னால் கொண்டு வந்திருந்தால் என் மனைவியைக் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார்.

முதல் நாள் காவல் நிலையத்தில் உங்களிடம் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு திருத்தம் இருக்கிறது. பயத்தில் கேமராவைப் பார்க்கத் தோன்றவில்லை என்று எழுதியிருந்தேன். பார்த்தேன் ஐயா. இரண்டாவது அழைப்பை வைத்த உடனேயே பார்த்தேன். காலில் செருப்பில்லாமல் நின்றாள். துணிக்கூடை கவிழ்ந்து கிடந்தது. இரண்டு கையாலும் கதவை அடித்துக்கொண்டிருந்தாள். நானே அமைத்த கேமரா, அதற்குள் வெளியாள் புக முடியாது. நிற்பது என் மகள்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கதவைத் திறக்கும் பொத்தான் அந்தப் படத்துக்குக் கீழேயே இருந்தது.

என் பயம் வேறு. இன்றைக்கு வார்த்தை இல்லாமல் திறந்துவிட்டால், நாளைக்கு யார் என் குரலில் கூப்பிட்டாலும் அவள் திறந்துவிடுவாள். ஒருமுறை விட்டுக்கொடுத்தால் அப்புறம் அந்த வீட்டில் என் பேச்சு எடுபடாது. உள்ளே பன்னிரண்டு பேர் வேறு காத்திருந்தார்கள்.

மூன்றாவது அழைப்பில் அவள் பழைய வார்த்தைகளையெல்லாம் சொல்லிப் பார்த்தாள். சிவப்பு வாளி, கல் பாலம், மறுபடியும் நீலக் குடை. அழுதுகொண்டே சொன்னாள். நான் கோபப்படவில்லை. "ஞாயித்துக்கிழமை சொன்னேனேம்மா, யோசி," என்று எடுத்துக்கூடக் கொடுத்தேன். அவள் கொஞ்சம் நிதானமாக யோசித்திருந்தால் ஞாபகம் வந்திருக்கும் ஐயா.